நமக்கு வரவேண்டிய பெண்

2014 மே 23 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஐலா விஸ்டா என்ற கல்லூரி ஊரில், எலியட் ராஜர் என்ற 22 வயது இளைஞன் ஆறு பேரைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டு செத்தான். அதற்கு முன் தன் வாழ்க்கைக் கதையை நூறு பக்கங்களுக்கு மேல் எழுதி மின்னஞ்சலில் பலருக்கும் அனுப்பியிருந்தான். எந்தப் பெண்ணும் தன்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அதற்காகப் பெண்கள் எல்லோரையும் தண்டிக்கப் போகிறேன் என்பதுதான் அதன் சாரம். செய்தியும் உலகெங்கும் அப்படித்தான் போனது. காதல் கிடைக்காத பையன், தனிமை, மனநோய், துப்பாக்கி.

அந்த எழுத்தில் பலரும் வேகமாகக் கடந்துபோன ஓர் இடம் இருக்கிறது. ஒரு கறுப்பினப் பையன் தனக்கு வெள்ளைக்காரப் பெண்ணோடு உறவு இருந்ததாகச் சொல்கிறான். ராஜருக்குத் தலைக்கு ஏறுகிறது. நான் பாதி வெள்ளையன், பிரிட்டிஷ் பிரபுக்களின் வழிவந்தவன். இவனோ அடிமைகளின் வழிவந்தவன். இவனுக்குக் கிடைப்பது எனக்கு எப்படிக் கிடைக்காமல் போகும் என்று கேட்கிறான்.

ஆய்வுக்காக இதைப் படித்தபோது எனக்கு அது ஆங்கிலமாகவே தெரியவில்லை. 'ஆண்ட பரம்பரை' என்று தமிழில்தான் காதில் விழுந்தது.

ராஜரின் மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும். அவன் தாய் மலேசியச் சீன வழிவந்தவர். அன்று அவன் முதலில் குத்திக் கொன்ற மூவரும் சீன வழி இளைஞர்கள். அதில் இருவர் அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள். பெண்களைப் பழிவாங்கக் கிளம்பியவன் தன்னுள் தான் வெறுத்த பாதியிலிருந்துதான் தொடங்கினான். இதை வெறும் 'காதல் தோல்வி' என்று எழுதிய செய்தியாளர்களை என்ன சொல்வது!

இன்செல் என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் 1990களில் கனடாவில் இருந்த ஒரு பெண். துணை அமையாத யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, வந்து மனம்விட்டுப் பேசட்டும் என்று தொடங்கினார். விரும்பாமலே துணையின்றி இருப்பவர் என்பது அதன் பொருள். பிறகு ஆண்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆறுதல் தேடிய இடம் பெண் வெறுப்பின் பள்ளிக்கூடமாக மாறியது. 2018 ஏப்ரலில் டொராண்டோவில் நடைபாதையில் வேனை ஏற்றிப் பத்துப் பேரைக் கொன்றவன், ராஜரைப் புகழ்ந்து ஒரு பதிவு போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

இந்தக் குழுக்களில் ஆண்களுக்குத் தரவரிசை உண்டு. உச்சியில் 'சாட்' என்ற உயரமான, தாடை எடுப்பான வெள்ளைக்காரன். அரிசி தின்பதால் கிழக்காசிய இளைஞனுக்கு 'ரைஸ்செல்' என்று பெயர். நம்மூர்க்காரனுக்குக் 'கறிசெல்'. பெயரிலேயே எச்சில் துப்பப்பட்டிருக்கிறது. ஆனால் கறிசெல் இந்த வரிசையைக் கேள்வி கேட்பதில்லை. இதுதான் இயற்கை, இதுதான் அறிவியல் என்று ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்டுவிட்டு, வெள்ளையனை மணந்த இந்தியப் பெண்ணைத் திட்டுகிறான். கறுப்பரைக் கேலி செய்கிறான். மேலே ஏறுகிற வரிசையில் பயபக்தி, கீழே இறங்குகிற வரிசையில் இழிவு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மையை அறிந்தவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. தன்னை மிதிப்பவனைப் பற்றிக் கவலையில்லை, தான் மிதிக்க ஒருவன் இருந்தால் போதும்.

நான் குடியிருப்பது அஸ்தினாபுரத்தில். தாம்பரம் மாநகராட்சிக்குள் வரும் பகுதி. (பெயரைக் கவனியுங்கள். சூதாட்டத்தில் பெண்ணைப் பணயமாக வைத்தவர்களின் தலைநகரத்துப் பெயர்தான் எங்கள் பேருந்துகளின் பலகையில்.) வார இறுதியில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் பாட வகுப்புக்கு வரும் பையன்களோடு, வகுப்பு முடிந்து டீக்கடையில் நின்று பேசுவது உண்டு. சிலர் கல்லூரி, சிலர் மெப்ஸில் ஒப்பந்த வேலை, சிலர் உணவு டெலிவரி. பெற்றோர் திருநெல்வேலி, ராமநாதபுரம், விழுப்புரம் என்று எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். பையன்கள் ஒரே கிரிக்கெட் டீம். ஒருவன் கைப்பேசியை இன்னொருவன் வாங்கிப் பார்ப்பான்.

அந்தக் கைப்பேசிகளில் இரண்டு வகை ரீல்ஸ் ஓடும். ஒன்றில் ஓநாய் படம், ஜிம், 'சிக்மா', 'சிம்ப்' ஆகாதே, பெண்களை நம்பாதே. இன்னொன்றில் சிங்கப் படம், வரிசையாகக் கார்கள், மெதுவாக நடந்துவரும் வெள்ளைச் சட்டைகள், ஒரு சாதித் தலைவரின் படம், ஆண்ட பரம்பரை. பின்னணி இசை பெரும்பாலும் ஒன்றேதான். "ணா, பொண்ணுங்களுக்கு டாப் இருபது பர்சன்ட் பசங்க மட்டும்தான் வேணும், மீதி எண்பது பர்சன்ட் நாங்கல்லாம் வேஸ்ட்" என்று ஒருவன் சொன்னான். அமெரிக்க இன்செல் வேதத்தின் வசனம் அது, எண்ணிக்கை உட்பட. அதே கூட்டத்தில் வேறொருவன், "எங்க ஊர்ல எங்க பொண்ணுங்களத்தான் குறிவெச்சு லவ் பண்றானுங்கணா" என்றான். முதலாமவன் தலையாட்டினான். இருவருக்கும் பேச்சு ஒன்றாகத்தான் பட்டது.

அவர்களுக்குப் பட்டது சரிதான். இரண்டும் ஒரே கணக்கு. நமக்கு வரவேண்டிய பெண்ணை, நமக்குக் கீழே இருக்கிறவன் கொண்டுபோகிறான் என்ற கணக்கு.

இந்தக் கணக்கு இணையத்தில் பிறந்தது இல்லை. 1892இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மூன்று கறுப்பின மளிகைக் கடைக்காரர்களை வெள்ளைக் கும்பல் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒருவர் ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரின் நண்பர். வெள்ளைப் பெண்களைக் கெடுப்பதால்தான் கறுப்பர்களைக் கொல்கிறோம் என்று தெற்கு மாநிலங்கள் அப்போது சொல்லிக்கொண்டிருந்தன. வெல்ஸ் ஒவ்வொரு கொலையாக எடுத்து விசாரித்தார். பல இடங்களில் அந்தக் குற்றச்சாட்டே கிடையாது. குற்றச்சாட்டு இருந்த இடங்களிலும் பலவற்றில் அந்தப் பெண் தானே விரும்பிப் பழகியிருந்தாள். மெம்பிஸில் கொல்லப்பட்ட மூவர் செய்த 'குற்றம்' எதிரே இருந்த வெள்ளையனின் கடைக்குப் போட்டியாக வியாபாரம் செய்தது. இதையெல்லாம் எழுதியதற்கு அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் மறுபடி அந்த ஊருக்குக் குடிதிரும்பவில்லை.

வெல்ஸைப் படித்துவிட்டு 2012 தருமபுரிக்கு வாருங்கள். இளவரசன் என்ற தலித் இளைஞரும் திவ்யா என்ற வன்னியப் பெண்ணும் மணந்துகொண்டார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. ஒரு கல்யாணத்துக்கு எதற்கு இத்தனை வீடு? எரிந்தவற்றைப் பாருங்கள். பைக், பீரோ, டிவி, பிள்ளைகளின் சான்றிதழ். உள்ளூர் நிலத்தை நம்பாமல் வெளியூர் போய் உழைத்து வாங்கிய பொருள்கள். தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினாரே, அந்தப் பேச்சை நாம் கேலி செய்து மீம் போட்டதோடு விட்டுவிட்டோம். அதை உன்னிப்பாகக் கேட்டிருக்க வேண்டும். ஜீன்ஸ் என்றால் கூலி. பண்ணையாரிடம் வாங்காத கூலி. மெம்பிஸில் மளிகைக் கடை, தருமபுரியில் ஜீன்ஸ். அவன் சம்பாதிக்கிறான், நிமிர்ந்து நடக்கிறான், பெண் அவனைப் பார்க்கிறாள் என்பதுதான் எரிச்சல். 'நாடகக் காதல்' என்ற சொல் இந்த எரிச்சலுக்குப் போட்ட சட்டை. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தின் அருகே பிணமாகக் கிடந்தார். சொல் மட்டும் சாகவில்லை. 2020இல் 'திரௌபதி' என்று திரைப்படமாகவே வந்தது.

தலித் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து பெண்களைக் கவர்ந்து போகிறார்கள் என்றால் அது எண்ணிக்கையில் தெரிய வேண்டாமா? 2011-12இல் எடுத்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி நாட்டில் சாதி தாண்டி நடக்கும் திருமணங்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்துதான். அதில் எல்லாச் சாதிகளும் அடக்கம். தலித் ஆணை மணந்த பெண்கள் அதிலும் ஒரு பகுதிதான். சாதிக்குள்ளேயே மணந்த தொண்ணூற்றைந்தில் பெண் கிடைக்காதவனுக்கு, இந்தச் சிறு எண்ணிக்கையா பெண்ணைப் பறித்தது?

ஆனாலும் பெண் கிடைக்கவில்லை என்பது பொய் இல்லை. அதையும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் 30 முதல் 40 வயதுக்குள் இருக்கும் 40,000க்கும் மேற்பட்ட பார்ப்பன ஆண்களுக்குப் பெண் கிடைக்கவில்லை, அதனால் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் பெண் தேடப்போகிறோம் என்று 2021 நவம்பரில் பிராமணர் சங்கத்தின் தலைவரே அறிவித்தார். கொங்குப் பகுதியில் தரகர் வைத்துக் கேரளத்திலிருந்து பெண் எடுப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி மொழி தெரியாத ஊருக்குப் போவார்கள். ஊர்க்கோடியில் இருக்கும் தெருவுக்குப் போகமாட்டார்கள்.

இந்தப் பஞ்சம் எப்படி வந்தது? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம், தருமபுரி மாவட்டங்களில் ஆறு வயது வரையிலான குழந்தைகளை எண்ணியபோது 1000 ஆண்களுக்கு 900 பெண்கள்கூட இல்லை. உசிலம்பட்டி பற்றி 1980களிலேயே நாடறியும். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்கியதே பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்றத்தான். கள்ளிப்பால் போய் ஸ்கேன் வந்தது. எந்த ஒரு சாதியின் தலையில் மட்டும் இதைக் கட்ட முடியாது. ஆனால் நிலமும் வரதட்சணையும் பேசிய வீடுகளில் இது கூடுதலாக நடந்தது. அன்று எண்ணப்பட்ட ஆண் குழந்தைகளுக்கு இன்று இருபத்துச் சொச்சம், முப்பது வயது. அவர்களுக்குப் பெண் இல்லை. பிறக்க விடாமல் செய்தது அவர்களுடைய தாத்தா பாட்டி. ரீல்ஸ் சொல்வதோ, உனக்கு வரவேண்டியவளைச் சேரிப் பையன் கொண்டுபோனான் என்று.

1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையைப் படித்தார். அதில் 'உபரி ஆண்', 'உபரிப் பெண்' என்று இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறார். தனக்குள்ளேயே மணம் செய்யும் ஒரு கூட்டத்தில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் யாராவது வேலியைத் தாண்டுவார்கள். கணவன் செத்தால் மனைவி உபரி. அவளைச் சிதையில் ஏற்று, அல்லது விதவையாக முடக்கு. மனைவி செத்தால் கணவன் உபரி. அவன் ஆண் ஆயிற்றே, எரிக்க முடியுமா? துறவியாக இரு என்றால் இருப்பானா? ஆகவே இன்னும் மண வயதுக்கு வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவை. சதியும் கைம்மையும் குழந்தைத் திருமணமும் மூன்று தனித்தனி மூடப்பழக்கங்கள் என்று சீர்திருத்தவாதிகள் புலம்பிக்கொண்டிருந்த காலத்தில், மூன்றும் ஒரே பூட்டின் சாவிகள் என்று அந்த இளைஞர் காட்டினார்.

ஆணுக்குப் பெண் கிடைக்காமல் போவதைத் தனிமனிதச் சோகமாகப் பார்க்காமல், ஒரு சமூக அமைப்பின் கணக்குப் பிசகாகப் பார்த்தார் அவர். அதுவும் இன்செல் என்ற சொல் வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே. சிறுமியைக் கட்டிவைக்க இன்று சட்டம் விடாது. பெண் படிக்கிறாள், பேருந்து ஏறி வேலைக்குப் போகிறாள், தானே ஒருவனைத் தேர்கிறாள். உபரி ஆணுக்கு ஈடு கட்டச் சாதியிடம் பெண் இல்லை. அதனால் அவனுக்குப் பெண்ணுக்குப் பதிலாக ஓர் எதிரியைக் கொடுக்கிறது.

இனவெறி பேசும் இன்செல்லையும் சாதிவெறி பேசும் நம்மூர்ப் பையனையும் அருகருகே வைத்துப் பார்க்கிற ஆய்வாளன் என்ற முறையில், இருவருக்கும் ஒரு பெரிய வேறுபாட்டை நான் காண்கிறேன். அங்கே அவன் தனியாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறவன். கொலை செய்த பிறகு அவன் அப்பன் தொலைக்காட்சியில் அழுகிறார். இங்கே? எங்கள் பகுதியைச் சுற்றியே இரண்டு கொலைகளைச் சொல்கிறேன்.

2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில், காதலை ஏற்க மறுத்த 20 வயதுக் கல்லூரி மாணவியை ஓர் இளைஞன் ஓடும் ரயிலின் முன் தள்ளிவிட்டான். தாம்பரம் வழித்தடத்தில் தினமும் போய்வரும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நடைமேடை அது. துயரம் தாங்காமல் பெண்ணின் தந்தையும் உயிரை மாய்த்துக்கொண்டார். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் கொலையாளிக்குத் தூக்கு விதித்தது. தூக்கு தீர்வில்லை என்பது என் கருத்து. அது வேறு விவாதம். அவனுக்காக யாரும் ஃபிளக்ஸ் வைக்கவில்லை. 'சைக்கோ' என்றார்கள்.

2024 பிப்ரவரி 24 அன்று பள்ளிக்கரணையில், அஸ்தினாபுரத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில், பிரவீன் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சில மாதங்களுக்கு முன் ஷர்மிளா என்ற யாதவப் பெண்ணை அவர் விரும்பி மணந்திருந்தார். கைதானவர்களில் ஷர்மிளாவின் அண்ணனும் ஒருவர். ஏப்ரலில் ஷர்மிளாவும் தூக்கிட்டுக்கொண்டு, மருத்துவமனையில் இறந்தார். இதை யாரும் சைக்கோத்தனம் என்று சொல்லவில்லை. "கூடப்பொறந்தவனுக்கு ரோஷம் இருக்காதா" என்று எங்கள் தெருவிலேயே, நல்ல மனிதர்கள் என்று நான் நினைக்கும் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுக்கப்பட்டவன் கொன்றால் பைத்தியம். அண்ணன் கொன்றால் மானஸ்தன். ஆனால் இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நான் சொல்லாத ஒன்றை இவள் எப்படித் தேர்ந்தெடுத்தாள்? நம் ஊரில் அந்தக் கேள்வியை அறைக்குள் தனியே உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. குடும்பம் கேட்கும், சாதிச் சங்கம் கேட்கும், தேர்தல் மேடை கேட்கும். 2015 ஜூன் 23இல் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். கவுண்டர் சாதி அமைப்பு ஒன்றின் தலைவரான யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் விட்டார். தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். சரணடைய வந்தபோது நாமக்கல்லில் கூட்டம் திரண்டது. அமெரிக்க இன்செல்கள் ராஜரைப் 'புனிதர்' என்று இணையத்தில் கொண்டாடியதற்கும் இதற்கும் வேறுபாடு என்னவென்றால், இங்கே பக்தர்கள் பெயர் தெரியாதவர்கள் இல்லை. பட்டப்பகலில், வேட்டி சட்டையில் வந்தார்கள். யுவராஜுக்கு 2022இல் ஆயுள் தண்டனை; 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. ரீல்ஸ் இன்னும் ஓடுகிறது.

இன்னொரு வேறுபாடு பெண்ணைப் பற்றியது. இன்செல் உலகில் பெண் தந்திரக்காரி. எல்லாம் தெரிந்தவள், பணத்தையும் தாடையையும் அளந்து பார்த்துத் தேர்கிறவள். நாடகக் காதல் கதையில் அவள் பேதை. எவனோ கண்ணாடி போட்டு வந்தால் மயங்கிவிடுகிறவள். அதனால்தான் திவ்யாவைப் பற்றி ஊரே பேசியது, அவர் என்ன விரும்பினார் என்பதை மட்டும் எல்லோரும் தம் விருப்பப்படி எழுதிக்கொண்டார்கள். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று கணவர் சங்கரைக் கண்ணெதிரே பறிகொடுத்த கவுசல்யா, தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதன் பிறகு அவரை 'ஏமாந்த பெண்' என்று சொல்ல முடியவில்லை. உடனே 'நடத்தை கெட்டவள்' ஆக்கினார்கள். இன்றுவரை அவர் என்ன பதிவு போட்டாலும் கீழே வந்து விழும் வசைகளைப் படித்தால், அமெரிக்க இன்செல் எழுத்துக்கும் அதற்கும் மொழி மட்டும்தான் வேறு.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். நீலக் கொடி போட்ட ரீல்ஸிலும் அரிவாள் வர ஆரம்பித்திருக்கிறது. "நாங்களும் ஆம்பளைங்கதான்" என்ற பதில், அவர்கள் வைத்த தேர்வில் நாமும் எழுதி மதிப்பெண் வாங்கத் துடிப்பது. விளையாட்டுக்குக்கூட "அவங்க பொண்ணத் தூக்கிட்டோம்ல" என்று ஒரு தோழன் பேசினால், அவன் ராமதாஸின் வசனத்துக்குக் குரல் கொடுக்கிறான் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். தூக்கிப்போக அவள் பொருள் இல்லை. அவள்தான் அவனைத் தேர்ந்தாள், வீட்டை விட்டு வந்தவள் அவள், அதிக விலை கொடுத்தவளும் அவள். தலித் வீடுகளில் தங்கையின் கைப்பேசியைச் சோதிக்கும் அண்ணன்கள் இல்லையா? நம் தெருப் பெண் ஒருத்தி நம் தெருப் பையனை வேண்டாம் என்றால், அவளைப் பற்றி என்ன பேசுகிறோம்? பெண் விடுதலைக்கு 'ஆண்மை' என்ற கருத்தே அழிய வேண்டும் என்று பெரியார் எழுதி நூறாண்டு நெருங்குகிறது. ஆண்மையில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர் கேட்கச் சொல்லவில்லை.

டீக்கடைப் பையன்களை நான் எதிரிகளாகப் பார்க்கவில்லை. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கறுப்பாக இருப்பதைத் திரைப்படமும் விளம்பரமும் சொந்த அத்தைகளும் சேர்ந்து இழிவாக்கியிருக்கிறார்கள். ஒருநாள் ஒருவன் கேட்டான், "அப்ப எங்களுக்கெல்லாம் யாருதான் பொண்ணு குடுப்பாங்கணா?" அந்தக் 'குடுப்பாங்க' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்று ஒரு மணி நேரம் பேசினோம். யார் கொடுப்பது, யார் கொடுக்கப்படுவது, நீ யாரிடமாவது பேசியிருக்கிறாயா, உன் சமையலை நீ செய்வாயா என்றெல்லாம். அவன் சிரித்தான், கொஞ்சம் கோபப்பட்டான், மறுவாரமும் வந்தான். சிக்மா ரீல்ஸ் அவனிடம் தினமும் மூன்று மணி நேரம் பேசுகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது நாம் பேச வேண்டியிருக்கிறது. நம் இயக்கங்களின் பயிலரங்குகளில் சாதி ஒழிப்புக்கு ஓர் அமர்வு, பெண் விடுதலைக்கு ஓர் அமர்வு இருக்கும். இரண்டாவதுக்குப் பெண் தோழர்களை மட்டும் பேச அழைத்துவிட்டு ஆண்கள் வெளியே டீ குடிக்கப் போவதை நிறுத்தலாம்.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டார். சென்னையில் மென்பொருள் வேலை பார்த்த தலித் இளைஞர், 27 வயது. வெட்டியதாகச் சரணடைந்தவர் அவர் விரும்பிய பெண்ணின் தம்பி. பெற்றோர் இருவரும் காவல் உதவி ஆய்வாளர்கள். சில மணி நேரத்திலேயே கொலையைக் கொண்டாடும் பதிவுகள் சுற்ற ஆரம்பித்தன. ஜீன்ஸ், கூலிங் கிளாஸ் என்று இழிவுபடுத்த முடியாத, நல்ல சம்பளத்தில் இருந்த ஒருவரையும் விடவில்லை. அந்தப் பெண் படித்த மருத்துவர். அவரையும் பேதை என்றுதான் பேசினார்கள்.

அக்டோபரில் தமிழ்நாடு அரசு, ஆணவக் கொலைகளைத் தடுக்கச் சட்டம் இயற்றுவது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. கேட்க வேண்டியவை பல. அவற்றில் இரண்டை இளைஞர் அமைப்புகள் விடாமல் கேட்க வேண்டும். ஒன்று, கொலைக்குப் பிறகு கொலையாளியைக் கொண்டாடுவதும், கொலைக்கு முன் குறிப்பிட்ட இணையரின் படத்தைப் போட்டு 'இவளை மீட்க ஆள் இல்லையா' என்று பதிவிடுவதும் அந்தச் சட்டத்தில் தனிக் குற்றமாக எழுதப்பட வேண்டும். வெட்டியவனோடு வழக்கு முடிகிறவரை, வெட்டச் சொல்லிக் கொடுத்தவன் அடுத்த ரீல்ஸ் போட்டுக்கொண்டிருப்பான்.

மற்றொன்று, உயிரோடு மிஞ்சுகிற பெண். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரணம் தொகையாக வருகிறது; வருவதற்கும் நாளாகிறது. பிறந்த வீடு குற்றவாளிகள் இருக்கும் வீடு. புகுந்த வீடு மகனை இழந்த வீடு. தங்குமிடம், வேலை, மனநல உதவி, வழக்கு முடியும்வரை கூடவே வரும் ஒரு பெண் அலுவலர் ஆகிய இவற்றை முதல் வாரத்திலேயே அரசு ஏற்பாடு செய்யும் என்று சட்டத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கரணையில் பிரவீன் வெட்டப்பட்ட நாளிலிருந்து ஷர்மிளா இறந்த நாள் வரை முழுதாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை.